இரண்டு சென்சார்களில் எது பொய் சொல்கிறது? எலக்ட்ரானிக் த்ராட்டில் கோளாறைத் தேடிப் பிடிப்பது

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று இழுக்க மறுக்கும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மைத் தாண்டாது. செக் எஞ்சின் விளக்கு எரியும். சில வண்டிகளில் இரண்டு அடைப்புக்குறிகளுக்கு நடுவே மின்னல் குறி வரும், சிலவற்றில் ஸ்பேனர் குறி. ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே கதை.

இதற்குப் பிறகு நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஸ்கேனரைப் போட்டால் பி2135 என்ற கோளாறுக் குறியீடு வரும். எஞ்சினுக்குப் போகும் காற்றைத் தகடு ஒன்றால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியை மாற்றுவார்கள். குறியீடு திரும்ப வரும். அடுத்து ஆக்சிலரேட்டர் பெடலை மாற்றுவார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ மேல் பழி விழும். கடைசியில் ஒரு கனெக்டருக்குள் பின் தளர்ந்திருந்தது தெரியவரும்.

இந்தச் செலவெல்லாம் தேவையே இல்லை. எலக்ட்ரானிக் த்ராட்டிலில் ஒவ்வொரு அளவையும் இரண்டு சென்சார்கள் தனித்தனியாக ஈசியூவிடம் சொல்கின்றன. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குறியீடு பிறக்கிறது. ஆகவே தேட வேண்டியது இரண்டில் எது தவறாகச் சொல்கிறது, ஏன் சொல்கிறது என்பதை மட்டும்தான். ஒரு சாதாரண மல்டிமீட்டரும், நேரடி அளவுகளைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கேனரும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளை ஒரு பொருள்கூட மாற்றாமல் பிடித்துவிடலாம்.

கேபிள் போன பிறகு என்ன வந்தது

பழைய வண்டியில் பெடலிலிருந்து ஒரு கேபிள் நேராக த்ராட்டில் தகட்டை இழுக்கும். கால் எவ்வளவோ அவ்வளவு காற்று. இப்போது அந்தக் கேபிள் இல்லை. பெடலின் மேல்பக்கத்தில் இருக்கும் சென்சார் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை வோல்டேஜாகச் சொல்கிறது. எவ்வளவு இழுவை தேவை என்று ஈசியூ கணக்குப் போட்டு, த்ராட்டில் பாடியிலுள்ள சிறு டிசி மோட்டாரை ஓட்டுகிறது. மோட்டார் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் வழியாகத் தகட்டைத் திருப்புகிறது. தகடு எங்கே நிற்கிறது என்பதை அங்குள்ள சென்சார்கள் திருப்பிச் சொல்கின்றன. சொன்ன இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஈசியூ நொடிக்குப் பலமுறை சரிசெய்துகொண்டே இருக்கிறது.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று: பெடலும் தகடும் ஒரே அளவில் நகர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெடல் 100 சதவீதம், தகடு 60 சதவீதம் என்று ஸ்கேனர் காட்டினால் அது கோளாறு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கியர் மாறும் நொடியில், டயர் வழுக்கும்போது, எஞ்சின் அதிகம் சூடாகும்போது ஈசியூ வேண்டுமென்றே தகட்டை மூடும். ஒப்பிட வேண்டியது பெடலையும் தகட்டையும் அல்ல. ஈசியூ கேட்ட தகட்டுக் கோணத்தையும், தகடு உண்மையில் நிற்கும் கோணத்தையும். இந்த இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து போகிறது என்றால் மோட்டாரும் தகடும் நலம். குறை வேறெங்கோ.

மின்சாரமே இல்லாதபோது தகடு எங்கே நிற்கும்? முழுதாக மூடிக்கொள்ளும் என்று நினைப்போம். அப்படியல்ல. உள்ளே எதிரெதிராக வேலை செய்யும் ஸ்பிரிங் அமைப்பு, தகட்டைச் சுமார் 6 முதல் 10 பாகை வரை திறந்த நிலையில் பிடித்து வைக்கும். மோட்டார் செத்தாலும் வண்டி ஓரங்கட்டும் அளவுக்கு ஊர்ந்து போவதற்கு இந்தச் சிறு திறப்பே காரணம். இதனால் ஐடிலிங்கில், அதாவது பெடலில் கால் இல்லாமல் எஞ்சின் ஓடும்போது, தகட்டை அந்த இடத்திலிருந்து இன்னும் உள்ளே மூட மோட்டார் உழைக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது எதிர்த்திசையில் உழைக்கிறது. திசை மாறும் அந்த இடத்தில்தான் பற்சக்கரத் தேய்மானம் முதலில் தெரியவரும். மெதுவாக ஊர்ந்து செல்லும்போது மட்டும் வண்டி குதிக்கிறது, மற்ற வேகங்களில் சரியாக இருக்கிறது என்றால் இந்த இடத்தைச் சந்தேகிப்பது நியாயம்.

இரட்டைச் சாட்சி

பெடலில் இரண்டு சென்சார்கள். பல வண்டிகளில் முதலாவது கால் எடுத்த நிலையில் சுமார் 0.7 வோல்ட்டும், முழு மிதிப்பில் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலும் காட்டும். இரண்டாவது எப்போதும் அதில் பாதி. வேறு சில வண்டிகளில் பாதிக் கணக்கு இருக்காது; இரண்டும் ஒரே சரிவில் ஏறும், நடுவே மாறாத இடைவெளி இருக்கும். தகட்டுப் பக்கத்தில் பரவலான ஏற்பாடு இன்னொன்று: ஒன்று 0.5-லிருந்து 4.5-க்கு ஏற, மற்றது 4.5-லிருந்து 0.5-க்கு இறங்கும். எந்த நிலையிலும் இரண்டையும் கூட்டினால் 5 வோல்ட்.

இரண்டும் ஏன் ஒரே அளவைக் காட்டுவதில்லை? இரண்டு சிக்னல் வயர்கள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனால், ஒரே அளவு காட்டும் ஜோடியில் அது வெளியே தெரியாது. பாதிக் கணக்கோ, எதிர்த்திசையோ, நிலையான இடைவெளியோ இருந்தால் அந்த ஷார்ட் உடனே அம்பலமாகும். இது வெறும் ஏட்டுக் கவலை கிடையாது. டொயோட்டா கார்களின் த்ராட்டில் அமைப்பை ஆராய்ந்து நாசா தயாரித்த அறிக்கை 2011-ல் வெளியானது. தடத்தின் மேல் உரசி நகரும் பொட்டென்ஷியோமீட்டர் வகைப் பெடல் சென்சாருக்குள் கண்ணுக்கு எளிதில் புலப்படாத வெள்ளீய இழைகள் வளர்ந்திருந்ததை அதில் பதிவுசெய்தார்கள். வண்டி தானாகப் பெருவேகம் எடுத்ததாக வந்த புகார்களுக்கு எலக்ட்ரானிக் குறைதான் காரணம் என்று காட்டும் சான்று அந்த ஆய்வில் கிடைக்கவில்லை. ஆனாலும் இரண்டு சிக்னல்களுக்கு நடுவே ஷார்ட் உண்டாவது நடைமுறையில் நிகழக்கூடியது என்பதற்கு அந்த இழைகளைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பெடலிலிருந்து ஆறு வயர்கள் வருவதும் இதே காரணத்தால்தான். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி 5 வோல்ட், தனி எர்த், தனி சிக்னல். த்ராட்டில் பாடியிலும் வழக்கமாக ஆறு. ஆனால் அங்கே மோட்டாருக்கு இரண்டு போக, மீதி நான்கில் 5 வோல்ட்டும் எர்த்தும் இரண்டு சென்சார்களுக்கும் பொது. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். பெடலில் எர்த் கெட்டால் ஒரு சென்சார் மட்டும் பிசகும். த்ராட்டில் பாடியில் எர்த் கெட்டால் இரண்டும் சேர்ந்து பிசகும்.

குறியீட்டைப் படிக்கும் விதம்

பி2135 என்றால் தகட்டுச் சென்சார்கள் இரண்டும் ஒத்துப்போகவில்லை. பி2138 என்றால் பெடல் சென்சார்கள் இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டுமே எந்தப் பொருள் கெட்டது என்று சொல்வதில்லை. கூட வரும் குறியீடுதான் பெரும்பாலும் துப்புக் கொடுக்கும். பி2138 உடன் பி2122 இருந்தால் பெடலின் முதல் சிக்னல் தரைதட்டியிருக்கிறது. பி2128 இருந்தால் இரண்டாவது சிக்னல் மேலே போய் ஒட்டியிருக்கிறது. பி0122, பி0123, பி0222, பி0223 ஆகியவை இதையே தகட்டுப் பக்கம் சொல்கின்றன. பி0641 அல்லது பி0651 கூட வந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து முதலில் 5 வோல்ட் சப்ளையைப் பாருங்கள்.

பி2101, பி2119, பி0638 மூன்றும் கேட்ட இடத்துக்குத் தகடு போகவில்லை என்ற வகை. பி2111 திறந்தபடி சிக்கியது, பி2112 மூடியபடி சிக்கியது. பி2118 மோட்டார் இழுக்கும் கரண்ட் சரியில்லை என்பது. பி2176 தகட்டின் மூடிய நிலையை ஈசியூ இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பது. பேட்டரி கழற்றிய பிறகோ த்ராட்டில் பாடி மாற்றிய பிறகோ இது வந்தால் பதறத் தேவையில்லை. பி2106, பி2110 இரண்டும் நோயைக் குறிப்பவை அல்ல, ஈசியூ இழுவையைக் குறைத்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டுமே. அவற்றைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள்.

குறியீட்டை அழிக்கும் முன் அது பதிவான நொடியின் விவரங்களைக் கட்டாயம் எழுதிவையுங்கள்: வேகம், ஆர்பிஎம், எஞ்சின் வெப்பம், பேட்டரி வோல்டேஜ், பெடல் நிலை. அவசரத்தில் முதலில் அழித்துவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய நஷ்டம். பேட்டரி 9.8 வோல்ட், ஆர்பிஎம் 200 என்று அங்கே பதிவாகியிருந்தால் அது ஸ்டார்ட் செய்யும்போது வந்த குறியீடு. த்ராட்டிலை விட்டுவிட்டு பேட்டரியைப் பார்க்க வேண்டும். ஓய்ந்த நிலையில் 12.6 வோல்ட், ஸ்டார்ட் சுற்றும்போது 10-க்குக் கீழே போகாமல், ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை. இது இல்லாத வண்டியில் த்ராட்டில் பற்றிய எந்த அளவையும் நம்ப முடியாது.

கோடு வரைந்து பார்த்தல்

சாவியைப் போடுங்கள், எஞ்சின் வேண்டாம். ஸ்கேனரில் பெடல் சென்சார் ஒன்று, இரண்டு ஆகியவற்றை எண்ணாக அல்லாமல் கோடாக வைத்து, பெடலை மிக மெதுவாக, பத்து நொடி எடுத்துக்கொண்டு அடிவரை அழுத்தி அதே வேகத்தில் விடுங்கள். இரண்டு கோடுகளும் பள்ளம் மேடு இல்லாமல் ஏறி இறங்க வேண்டும். இதையே ஐந்தாறு முறை செய்யுங்கள். பழைய தேய்மான வகைச் சென்சாரில், சாலையில் கால் அதிக நேரம் நிற்கும் அந்த முதல் கால்பகுதிப் பயணத்தில்தான் தடம் தேய்ந்திருக்கும். கோடு ஒரு இடத்தில் மட்டும் கூரிய பள்ளமாக விழுந்து எழும். அந்தப் பள்ளம் ஒவ்வொரு முறையும் அதே பெடல் நிலையில் வந்தால் சென்சார் தேய்ந்திருக்கிறது. பெடல் எங்கே இருந்தாலும் கண்டபடி வந்தால் வயர் அல்லது கனெக்டர். இந்த ஒரு சோதனை எத்தனையோ தேவையற்ற மாற்றங்களைத் தடுக்கும்.

ஸ்கேனர் நொடிக்குச் சில முறைதான் அளவைப் புதுப்பிக்கும். இருபது கோடுகளை ஒரே சமயத்தில் வைத்தால் இன்னும் மெதுவாகும். கண நேரப் பள்ளம் இடைவெளியில் நழுவிவிடும். இரண்டு கோடுகள் மட்டும் வையுங்கள். வோல்டேஜை இடைவிடாமல் கோடாக வரையும் ஆஸிலோஸ்கோப் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. இல்லையென்றால் குறைந்த, அதிக அளவைப் பிடித்துவைக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் ஓரளவு கைகொடுக்கும்.

புதிய வண்டிகள் சிலவற்றில் தகட்டுச் சென்சார் வோல்டேஜுக்குப் பதிலாக டிஜிட்டல் துடிப்புகளை அனுப்பும். அங்கே மல்டிமீட்டர் காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அளக்கும் முன் அந்த வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்துவிடுங்கள்.

எர்த்தா, சப்ளையா: வோல்டேஜே சொல்லும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம். ஒரு பெடல் சென்சார் 5 வோல்ட் சப்ளையில், கால் எடுத்தால் 0.70, முழு மிதிப்பில் 4.20 காட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எர்த் வயரில் துரு ஏறி அங்கே 0.3 வோல்ட் தேங்குகிறது என்றால் சென்சாரின் தரையே 0.3-க்கு உயர்ந்துவிடும். கால் எடுத்த நிலையில் சுமார் 0.96 காட்டும், முழு மிதிப்பில் 4.25. அதாவது கீழே பெரிய பிசகு, மேலே ஏறக்குறைய ஒன்றுமில்லை. மாறாக 5 வோல்ட் சப்ளை வயரில் தடை ஏற்பட்டு 4.6 தான் போய்ச் சேர்கிறது என்றால், கால் எடுத்த நிலையில் 0.64, முழு மிதிப்பில் 3.86. கீழே சிறு பிசகு, மேலே பெரியது.

ஆகவே குறியீடு ஐடிலிங்கில் வருகிறதா, முழு மிதிப்பில் வருகிறதா என்பதே எர்த்தையா சப்ளையையா முதலில் பார்ப்பது என்று சொல்லிவிடும். சிக்னல் வயர் முழுதாக அறுந்தால் இப்படிச் சாய்வெல்லாம் இருக்காது. ஈசியூவின் உள்ளமைப்பைப் பொறுத்து நேராக 0-க்கோ 5-க்கோ போய் நிற்கும்.

அளக்கும்போது கனெக்டரைக் கழற்றாதீர்கள். கழற்றினால் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாத துருப்பிடித்த வயரும் மல்டிமீட்டரில் நல்ல வயராகவே தெரியும். மாட்டியபடியே கனெக்டரின் பின்பக்கத்தில், வயர் உள்ளே நுழையும் ரப்பர் ஓரமாக மெல்லிய ஊசிமுனையைச் செருகுங்கள். வயரின் மேலுறையைக் குத்தி அளப்பது தவறு. அந்த ஓட்டை வழியாக ஈரம் ஏறி, ஆறு மாதத்தில் நீங்கள் தேடியதைவிட மோசமான கோளாறு உருவாகும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை சென்சார் எர்த்தில் வைக்காமல் பேட்டரியின் மைனஸில் வையுங்கள். சிவப்பு முனையால் சென்சார் எர்த் பின்னைத் தொட்டால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 5 வோல்ட் பின்னில் 4.9-லிருந்து 5.1 வரை.

5 வோல்ட் குறைந்திருந்தால் உடனே ஈசியூவைக் குற்றம் சொல்ல வேண்டாம். அதே சப்ளைக் கிளையில் ஏசி பிரஷர் சென்சார், மேனிஃபோல்டு பிரஷர் சென்சார், எரிபொருள் ரயில் பிரஷர் சென்சார் என்று வேறு சிலவும் தொங்கும். அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மொத்தக் கிளையும் படுத்துவிடும். புகார் மட்டும் த்ராட்டில் பெயரில் வரும். மல்டிமீட்டரை 5 வோல்ட் பின்னில் வைத்தபடியே அந்தச் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் துள்ளி எழுகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் எழவில்லை என்றால் வயரிங் எங்கோ பாடியில் உரசுகிறது. அதுவும் இல்லை என்ற பிறகே ஈசியூ.

ஒரு எச்சரிக்கை: பழைய பழக்கத்தில் பல்பு டெஸ்டரை எடுத்து 5 வோல்ட் வயரில் வைத்துவிடாதீர்கள். அது சென்சாருக்கான சப்ளை, பல்பைத் தாங்காது. பல்பு போட்டுப் பார்க்க வேண்டியது மோட்டாரின் இரண்டு வயர்களைத்தான். ஈசியூ, த்ராட்டில் பாடி இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு, 21 வாட் பல்பு ஒன்றை அந்த வயர் வழியாக எரியவிடுங்கள். பிரகாசமாக எரிந்தால் வயர் மோட்டாரின் கரண்டைத் தாங்கும். மங்கினால் உள்ளே சில இழைகள்தான் மிச்சம்.

கனெக்டர்: நேரம் ஒதுக்க வேண்டிய இடம்

வந்து போகும் கோளாறு என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். த்ராட்டில் பாடி கனெக்டர் எஞ்சினோடு சேர்ந்து அதிரும். ஆண் பின்னும் பெண் பின்னும் நூலிழை அளவு உரசி உரசி மேற்பூச்சு தேய்ந்து கறுத்திருக்கும். எஞ்சின் அறையை அழுத்த நீரால் கழுவிய பின் வந்த குறியீடு என்றால் இதுவே முதல் சந்தேகம். பெடல் கனெக்டர் கால்மிதியடிக்கு மேலே இருப்பதால் கண்ணாடி ஓரக் கசிவு நீர் வயர் வழியாக வழிந்து அதற்குள் போகலாம்; அந்தப் பக்கத்துக் கார்பெட்டைக் கையால் அழுத்தினால் ஈரம் தெரியும். மூன்றாவது, எஞ்சினிலிருந்து பாடிக்கு வயர்க் கற்றை தாவும் வளைவு. எஞ்சின் ஒவ்வொரு முறை அசையும்போதும் அங்கே வயர் மடங்குகிறது. உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும்.

பின்னைப் பார்க்கும்போது வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் வேண்டும். பச்சைப் படலம் ஈரத்தின் அடையாளம், பழுப்பு நிறம் சூட்டின் அடையாளம். பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் பிடிப்பு இருக்கிறதா என்று தெரியாது. அதே அளவுள்ள தனி ஆண் பின் ஒன்றை ஒவ்வொரு குழியிலும் செருகி இழுங்கள். மெல்லிய தடையோடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பெண் பின் விரிந்திருக்கிறது. முன்பு யாரோ தடித்த மல்டிமீட்டர் முனையை முன்பக்கமாகக் குத்தியிருப்பார்கள். அந்த ஒரு பின்னை மாற்றினால் போதும். பிறகு ஸ்கேனரில் கோடுகளை ஓடவிட்டு, வயர்க் கற்றையை ஒவ்வொரு சாணாகப் பிடித்து அசையுங்கள். கோடு துடிக்கும் இடத்தில் நில்லுங்கள்.

மோட்டார், தகடு, கரி

மோட்டாரின் இரண்டு பின்களுக்கு இடையே தடை பெரும்பாலும் சில ஓம்கள். எண்ணைவிட முக்கியம் அது நிலையாக இருக்கிறதா என்பது. தகட்டை மெதுவாகத் திருப்பும்போது தடை தாறுமாறாக ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. பின்னிலிருந்து மோட்டார் உறைக்குத் தொடர்பே இருக்கக் கூடாது. சில வண்டிகளில் த்ராட்டில் மோட்டாருக்குத் தனி ஃபியூஸோ ரிலேயோ உண்டு. மோட்டார் அசையவே இல்லை என்றால் அதை முதலில் பார்த்துவிடுவது வேலையைச் சுருக்கும்.

விரல் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சாவி போட்டிருக்கும்போது தகட்டுக்குள் விரலை விடக் கூடாது. தகடு பலத்தோடு சட்டென்று மூடும், விரலைக் கிழிக்கும். கனெக்டரைக் கழற்றிய பிறகே தொடுங்கள். கையால் மெதுவாக முழுக்கத் திறந்து விட்டால் ஸ்பிரிங் அதைத் தன் ஓய்வு நிலைக்குக் கொண்டுவந்து சிறிதாகத் திறந்தபடி நிறுத்த வேண்டும். வழியில் ஒட்டினாலோ, பல் தாண்டும் கடகட உணர்வு விரலுக்குத் தெரிந்தாலோ பற்சக்கரம் போய்விட்டது.

உள்ளே பார்த்தால் தகடு மூடும் விளிம்பில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவியும் தூசியும் சேர்ந்து காய்ந்த கரி. ஐடிலிங்கில் காற்று போகும் வழியே அந்த மயிரிழை இடைவெளிதான். வளையம் தடிக்கத் தடிக்க ஈசியூ தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து ஈடுகட்டும். ஈடுகட்டும் எல்லை முடிந்ததும் ஐடிலிங் ஆடும், ஏசி போட்டால் எஞ்சின் நின்றுவிடும், பி0506 வரும்.

சுத்தம் செய்ய த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். நூல் உதிராத துணி வேண்டும். நேராக அச்சின் முனைகளில் பீய்ச்சினால் திரவம் பேரிங் வழியாகச் சென்சார் பக்கம் போகும். உலோக பிரஷ், உப்புத்தாள், கத்தி எதுவும் கூடாது; சில த்ராட்டில் பாடிகளின் உட்சுவரில் மெல்லிய பூச்சு இருக்கிறது, அதைச் சுரண்டிவிட்டால் கரி இன்னும் வேகமாகப் பிடிக்கும். தகட்டின் பின்பக்க விளிம்பை மறந்துவிடாதீர்கள். கரி அங்குதான் அதிகம்.

சுத்தம் செய்ததும் ஐடிலிங் 1,200-க்கு மேல் ஓடி, பி0507 வந்தால் வேலை கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். கரிக்கு ஈடாகத் தகட்டை அதிகம் திறக்கக் கற்றிருந்த ஈசியூ, கரி போனது தெரியாமல் பழைய அளவிலேயே திறக்கிறது. புதிதாகக் கற்கவைக்க வேண்டும். ஸ்கேனரில் அதற்கான கட்டளை இருந்தால் அதுவே சிறந்த வழி. பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேல், ஏசியும் விளக்குகளும் அணைந்து, பெடலில் கால் இல்லாமல் இருக்க வேண்டும். கட்டளை இல்லாத பல வண்டிகளில் சாவியை மட்டும் போட்டு 30 நொடி விட்டு, அணைத்து 20 நொடி காத்து, பிறகு ஸ்டார்ட் செய்து சூடாகும்வரை ஐடிலிங்கில் விட்டாலே கற்றுக்கொள்ளும். சில தயாரிப்புகளுக்குக் குறிப்பிட்ட வரிசை உண்டு. அந்த வண்டியின் கையேடு சொல்வதே இறுதி.

த்ராட்டில் போலத் தெரியும் மற்றவை

தகட்டுக்குப் பிறகு எங்காவது ரப்பர் குழாய் கிழிந்து காற்று உள்ளே கசிந்தால், தகட்டின் கோணத்துக்கும் உள்ளே போகும் காற்றின் அளவுக்கும் கணக்கு உதைக்கும். பி0068 வரும். த்ராட்டில் பாடி இதில் நிரபராதி.

பிரேக் விளக்கு ஸ்விட்சில் பெரும்பாலும் இரண்டு தொடர்புகள் இருக்கும். ஒன்று கெட்டால் பிரேக்கில் கால் இருப்பதாக ஈசியூ நம்பி, ஆக்சிலரேட்டரை அலட்சியம் செய்யலாம். ஸ்கேனரில் இரண்டு பிரேக் நிலைகளையும் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. பெடலுக்கு அடியில் சுருண்டுகொண்ட தரைவிரிப்பையும் ஒரு பார்வை பாருங்கள்.

டீசல் வண்டியில் கதை வேறு. அங்கும் எலக்ட்ரானிக் தகடு இருக்கும். ஆனால் இழுவையைத் தீர்மானிப்பது டீசலின் அளவு, காற்றல்ல. தகடு பெரும்பாலும் திறந்தே இருக்கும், புகை மறுசுழற்சிக்கும் புகைக்கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யவும் எஞ்சினைக் குலுங்காமல் அணைக்கவும்தான் மூடும். பெடல் பகுதிக்கு மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டும். குறியீடு வராமலிருக்க ஒரு சிக்னலிலிருந்து இன்னொன்றை ரெசிஸ்டர் வைத்து உண்டாக்கித் தரும் குறுக்குவழியை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இரண்டாவது சாட்சியையும் முதலாவதே எழுதிக் கொடுத்தால், ஒரு சென்சார் பிசகும் நாளில் தகடு தானாகத் திறப்பதைத் தடுக்க ஈசியூவிடம் எதுவும் இருக்காது. ஈசியூ இழுவையைக் குறைத்து ஓடவிடும் லிம்ப் மோட் எரிச்சலூட்டும்தான். ஆனால் அது உயிரைக் காக்கும் எரிச்சல்.

சரியானதா என்று பார்ப்பது

பழுது முடிந்ததும் குறியீட்டை அழித்து, சாவி மட்டும் போட்டுப் பெடலைப் பத்து முறை முழுக்க அழுத்தி விட்டு, கோடுகளை மறுபடி பாருங்கள். அதன்பின் முதலில் எழுதிவைத்த விவரங்களை எடுத்து, குறியீடு பதிவானபோது இருந்த அதே வேகம், அதே வெப்பம், அதே பெடல் நிலையில் வண்டியை ஓட்டுங்கள். ஸ்கேனரை ஓட்டுபவர் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஒருவர் வேண்டும். திரும்பி வந்து எஞ்சினை அணைத்து அரைமணி நேரம் விடுங்கள். ஓட்டத்தில் குளிர்காற்று படும் த்ராட்டில் பாடி, நின்ற பிறகுதான் எஞ்சின் சூட்டை முழுதாக வாங்கும். சூட்டில் விரிந்து பிரியும் சாலிடர் இணைப்பு அப்போதே மாட்டும். அந்தச் சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்து, விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனரில் இன்னும் உறுதியாகாத நிலுவைக் குறியீடுகள் பகுதியைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருந்தால் கவர்களை மாட்டி வண்டியைக் கொடுத்துவிடலாம்.